சேற்றிலும் சரிவிலும் கைகொடுக்கும் சின்ன லீவர்

(தோட்டக் குடும்பங்களுக்கான கூட்டமொன்றில் ஆற்றிய பேச்சு)





ஒரு மழை ராத்திரி. மேல் டிவிஷன் லயத்திலிருந்து பிரசவ வலியோடு ஒரு தங்கச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வண்டி, பழைய லேண்ட் ரோவர் டிபெண்டர். முடக்கில் முன் சக்கரம் ஒன்று சேற்றில் இறங்கிவிட்டது. புதுச் சாரதி அக்சலரேட்டரை மிதிக்க மிதிக்க அந்தச் சக்கரம் மட்டும் சும்மா சுத்துது. வண்டி ஓர் அங்குலமும் நகரவில்லை. பின்னால் நின்று தள்ளிய பையன் வழுக்கி விழுந்தான். நல்ல காலம், வண்டி பின்னுக்கு உருளவில்லை. அரை மணி நேரம் கழித்து வயதான ட்ரைவர் ஒருவர் வந்தார். கியர் தடிக்குப் பக்கத்திலிருந்த சின்ன லீவரைப் போட்டார். வண்டி மெல்ல ஊர்ந்து வெளியே வந்தது. தாயும் பிள்ளையும் சுகம். ஆனால் அந்த அரை மணி நேரத்தை நாங்கள் மறக்கவில்லை. லீவர் முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது. அதன் பயன்தான் தெரியவில்லை.

அது என்ன செய்கிறது? இரண்டு பிள்ளைகள் ஒரு மூங்கிலின் இரு முனையையும் பிடித்துக்கொண்டு முடக்கில் திரும்புவதை நினைத்துப் பாருங்கள். வெளிப்பக்கப் பிள்ளை கூடத் தூரம் நடக்க வேண்டும். சக்கரங்களும் அப்படித்தான். அவை வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுவதுதான் டிபரன்ஷல். அதில் ஒரு குறை உண்டு. ஒரு சக்கரம் சேற்றில் பிடியில்லாமல் சுற்றினால், பிடியுள்ள சக்கரத்துக்கும் பலம் போகாது.

டிபெண்டரில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவிலும் ஒரு டிபரன்ஷல் இருக்கிறது. சின்ன லீவரைப் பக்கவாட்டில் தள்ளினால் அது பூட்டப்படும். முன் சக்கரம் சுற்றினாலும் பின் சக்கரங்கள் தள்ளும். ஆனால் இது இடது வலது சக்கரங்களைப் பூட்டாது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டும் பிடி இழந்தால் லொக் போட்டும் வண்டி நிற்கும். டிரக்டரில் காலால் மிதிக்கும் லொக், பின் சக்கரங்கள் இரண்டையும் சேர்த்துப் பூட்டும்.

அதே சின்ன லீவரில் லோ கியரும் உண்டு. வேகம் பாதிக்கும் கீழே குறையும். இழுக்கும் பலம் இரண்டு மடங்குக்கு மேல் கூடும். ஏற்றத்தில் மட்டுமல்ல, இறக்கத்தில்தான் இது உயிர் காக்கும். லோவில் முதலாம் கியரைப் போட்டு, கிளச்சிலிருந்து காலை எடுத்துவிட்டால், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக் சூடாகாது. டீசல் மிச்சமென்று நியூட்ரலில் உருட்டுவது, ஆட்களைச் சாவோடு விளையாட விடுவதுதான்.

சாரதித் தம்பிமார் இவற்றை மனதில் வையுங்கள்:

சேற்றில் இறங்கு முன்னரே லொக் போடுங்கள். சக்கரம் வேகமாகச் சுற்றும்போது போட்டால் பல்லு உடையும்.

லோ கியருக்கு வண்டியை நிறுத்தியே மாற்றுங்கள். சரிவின் நடுவில் மாற்ற வேண்டாம்.

தார் ரோட்டுக்கு வந்ததும் லொக்கை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஸ்டியரிங் இறுகும், டயர் தேயும், கியர் பெட்டியும் கெடும். டிரக்டரில் லொக்கோடு திரும்பவே கூடாது.

டிபெண்டரின் கைப் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. கியர் பெட்டியிலிருந்து வரும் தண்டைத்தான் பிடிக்கும். ஜாக்கி வைத்து ஒரு சக்கரத்தைத் தூக்கினால், கைப் பிரேக் போட்டிருந்தாலும் வண்டி உருளலாம். ஆகவே லொக்கைப் போட்டு, மற்றச் சக்கரங்களுக்குக் கல்லும் வையுங்கள்.

வண்டியில் போகிறவர்களுக்கும் ஒரு சொல். வண்டி சிக்கினால், நோயாளியைத் தவிர எல்லோரும் இறங்குங்கள். சக்கரத்துக்கடியில் சரளைக் கல், பழைய சாக்கு, மிலாறு போடலாம். போட்டதும் விலகி நில்லுங்கள்; சுற்றுகிற சக்கரம் அவற்றைப் பின்னுக்கு வீசும். ஏற்றத்தில் வண்டிக்குப் பின்னால் ஒருவரும் நிற்கக் கூடாது. "லோ போட்டாச்சா தம்பி?" என்று சாரதியைக் கேட்பதில் வெட்கமில்லை. அன்றைக்கு அந்த வண்டியில் இருந்த எங்களில் ஒருவருக்கும் அப்படிக் கேட்கத் தெரியவில்லை. இனி உங்களுக்குத் தெரியும்.