எந்த மெஷின் வேகமான மெஷின்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் வயதில் நான்தான் சின்னவன். 2012-இல் இங்கிருந்து வெளியே போனவன். "உங்க சாதனையைப் பத்திப் பேசுங்க" என்றார் செயலாளர். பெரிய சாதனை ஒன்றுமில்லை. செய்த தவறு ஒன்று இருக்கிறது. மாணவர்களுக்கு அதுதான் பயன்படும்.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் இயந்திர பாகங்கள் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று கணக்கிடுவது எங்கள் பிரிவின் வேலை. பத்து ஒர்க்ஸ்டேஷன்களை இணைத்து, கிளஸ்டராக எல்லோரும் பொதுவில் பயன்படுத்தினோம். வெவ்வேறு வருடங்களில் வாங்கியவை. எது வேகம் என்று வரிசைப்படுத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. சின்னதாக ஒரு சோதனை புரோகிராம் எழுதி எல்லாவற்றிலும் ஓட்டி, பட்டியலைச் சுவரில் ஒட்டினேன். புதிதாக வந்த 3.6 ஜிகாஹெர்ட்ஸ் மெஷின் முதலிடம். என்னுடைய பழைய 3.1 ஜிகாஹெர்ட்ஸ் ஏழாம் இடம்.

முதலிடத்து மெஷினைப் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்தோம். அவருடைய முடிவுகள் மட்டும் தினமும் தாமதம். "நல்ல மெஷின் கொடுத்தும் இப்படியா?" என்று கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவரைப் பணியில் உறுதி செய்யும் அறிக்கையிலும் "வேகம் போதாது" என்று எழுதினேன்.

அவர் சண்டை போடவில்லை. "சார், இதே ஃபைலை உங்க மெஷின்ல ஒரு தடவை ஓட்டிப் பார்க்கட்டுமா?" என்று மட்டும் கேட்டார். என்னுடையதில் 41 நிமிடம். அவருடையதில் 70 நிமிடம்!

பெட்டியைத் திறந்து பார்த்தோம். மற்றவற்றில் 8 ஜி.பி. ரேம் இரண்டிரண்டு, இதில் 16 ஜி.பி. ஒன்றே ஒன்று. மொத்தம் ஒன்றுதான் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் இரண்டு வழிகளில் வரவேண்டிய தரவு ஒரே வழியில் வந்து கொண்டிருந்தது. கல்யாணச் சமையலில் மாஸ்டர் கை எவ்வளவு வேகமாக இருந்தால் என்ன, காய் நறுக்கிக் கொடுக்க ஒரே ஆள் என்றால்? என் சோதனை புரோகிராமோ பிராசஸருக்குள் இருக்கும் கேஷ் நினைவகத்திலேயே அடங்கிவிடும் அளவு சின்னது. அது ரேமைத் தொடவே இல்லை.

நண்பர்களே, ஒரு வேலைக்கு ஆகும் நேரம் மூன்றின் பெருக்கல்: எத்தனை கட்டளைகள், ஒரு கட்டளைக்கு எத்தனை சுற்று, ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம். ஜிகாஹெர்ட்ஸ் சொல்வது மூன்றாவதை மட்டும். பென்டியம் 4 பிராசஸர் 2004-இல் 3.8 ஜிகாஹெர்ட்ஸைத் தொட்டது. 2006-இல் வந்த கோர் 2 டுவோ 2.4 ஜிகாஹெர்ட்ஸிலேயே பல வேலைகளில் அதை முந்தியது. 1988-இல் தொடங்கிய ஸ்பெக் அமைப்பு, உண்மையான புரோகிராம்களை ஒட்டிய சோதனைகளை வெளியிடுவதும் இதனால்தான்.

இன்னொரு கணக்கு. 1200 சின்ன வேலைகள், பத்து மெஷின்கள், ஆளுக்கு 120. ஒன்பது மெஷின்கள் நிமிடத்துக்கு ஒன்று முடிக்கின்றன. பத்தாவதற்கு மட்டும் இரண்டு நிமிடம். ஒன்பதும் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டுச் சும்மா நிற்கும்; பத்தாவதற்காக நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். முடிக்க முடிக்க அடுத்ததைக் கொடுத்தால் ஏறக்குறைய 126 நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். மெஷினை மாற்றவில்லை, பங்கீட்டைத்தான் மாற்றினோம்.

தம்பி தங்கைகளே, அளக்கும்போது நீங்கள் உண்மையில் செய்யப்போகும் வேலையை வைத்தே அளந்து பாருங்கள். அதே ஃபைல், அதே கம்பைலர், அதே செட்டிங். வேறு யாரும் மெஷினில் இல்லாத நேரம் பாருங்கள். ஒரு தடவை போதாது. நாலைந்து தடவை ஓட்டி நடுவில் வருவதை எடுங்கள். மெஷின் சூடேறினால் தானே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். அதனால் நீண்ட நேரமும் ஓட்டிப் பாருங்கள்.

அடுத்த கூட்டத்திலேயே, எல்லோர் முன்னாலும் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். அறிக்கையையும் திருத்திக் கொடுத்தேன். சுவரில் இருந்த பட்டியலை நானே கிழித்தேன். மெஷினைத் தப்பாக அளந்தால் இன்னொரு தடவை அளக்கலாம். மனிதரைத் தப்பாக அளந்தால், அவர் கேள்வி கேட்கும் தைரியம் உள்ளவராக இருந்தால்தான் நாம் பிழைத்தோம்.