சொசைட்டிக்கு ஊத்துறதுக்கு முன்னாடி

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. பாலைப் பத்திப் பேசச் சொன்னாங்க.

குழுவுல கடன் வாங்கி நம்மள்ல நிறையப் பேர் கறவை மாடு வச்சிருக்கோம். காலையும் சாயங்காலமும் கறந்து சொசைட்டிக்கு ஊத்துறோம். அந்தக் காசுலதான் தவணை கட்டுறோம், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம். பெருமையான விஷயம்தான். ஆனா ஒண்ணு கேக்குறேன். மாடு நிக்கிற வீட்ல யாருக்குப் பால் கிடைக்குது? டீக்குக் கொஞ்சம் எடுத்து வைப்போம். மிச்சம் இருந்தா மகனுக்கு, அவங்க அப்பாவுக்கு. மகளுக்கும் நமக்கும் வரக்காப்பி.

200 மில்லி டம்ளர் பசும்பாலில் சுமார் 6 கிராம் புரதமும் 240 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் இருக்கு. சாப்பாட்டுல சுண்ணாம்புச் சத்து பத்தலைன்னா உடம்பு அதை எலும்புல இருந்து எடுத்துக்கும். வயசுக்கு வந்த பிள்ளைக்கும், பால் குடுக்கிற தாய்க்கும், மாதவிடாய் நின்னவங்களுக்கும் அதனாலதான் இது முக்கியம்.

பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 300 மில்லி பால் அல்லது தயிர் வேணும்னு ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லுது. நாலு பேருக்கு 1.2 லிட்டர் ஆகும். அவ்வளவும் எடுத்து வைக்க நம்மால முடியாது. முதல்ல அரை லிட்டர் எடுத்து வைப்போம். "அரை லிட்டர் காசு போச்சே"ன்னு வீட்ல சொல்லுவாங்க. கடையில வாங்குற சத்துப் பொடி டப்பா விலையை எடுத்துச் சொல்லுங்க. பால் பிடிக்காதவங்களுக்குத் தயிர், மோர் குடுங்க. வெண்ணெய் எடுத்த மோர்லயும் சுண்ணாம்புச் சத்து இருக்கு, நெய்யில இல்லை.

பாலில் இரும்புச் சத்து ரொம்பக் குறைவு. ரத்தசோகை இருக்கிறவங்க பாலை மட்டும் நம்பாதீங்க. முருங்கைக்கீரை, பயறு, முட்டை சேருங்க. இரும்புச் சத்து மாத்திரையைப் பாலோடயும் டீயோடயும் போடாதீங்க. ஒரு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலா மாட்டுப்பால் குடுக்கக் கூடாது. கறந்த பாலை நல்லாக் காய்ச்சித்தான் குடிக்கணும்.

மாட்டுக்குத் தீவனம் வைக்காம பால் கேக்க மாட்டோம். நம்ம உடம்பும் அப்படித்தான். நாளைக்குக் காலையில கேனைத் தூக்குறதுக்கு முன்னாடி வீட்டுப் பங்கை எடுத்து வைங்க. அதுல உங்க டம்ளரும் இருக்கட்டும்.