கனிம வளமும் அரசு நிலவியலாரின் பொறுப்பும்

(சாமராஜநகரில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கனிம வளத்தைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். நான் நிலவியல் கற்றவன் அல்லன், பொருளாதாரம் கற்றவன். எனினும் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி, நிலவியலார் எழுதிய அறிக்கைகளைப் படிப்பதிலும் அவற்றின் மீது குறிப்பெழுதுவதிலுமே கழிந்துள்ளது. அந்த அனுபவத்தைக் கொண்டு, அரசு நிலவியலாரின் பணி யாது, அது நாட்டின் வளர்ச்சிக்கு எவ்வாறு அடிப்படையாகிறது என்பதைக் கூற விழைகிறேன்.

இப்பகுதியின் மரபு

இப்பொருளைப் பேசுவதற்கு இவ்வூரைவிடப் பொருத்தமான இடம் அரிது. 1894-ஆம் ஆண்டிலேயே மைசூர் சமஸ்தானம் தனக்கென ஒரு நிலவியல் துறையை ஏற்படுத்திக்கொண்டது. அதன் முதல் தலைவராக அமர்ந்தவர் ராபர்ட் புரூஸ் ஃபுட். 1863-இல் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவரும் அவரே. அப்போது மைசூரின் திவானாக இருந்தவர் சேஷாத்ரி ஐயர். கொள்ளேகாலத்துக்கு அருகே காவிரி வீழும் சிவசமுத்திரத்தில் மின் உற்பத்தி செய்யும் திட்டமும் அவர் காலத்தில் உருவானதே. 1902-இல் அம்மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பி வழியே சென்று கோலார் தங்கச் சுரங்கங்களை அடைந்தது. பெங்களூர் நகரத்துக்கு மின்விளக்கு வந்ததோ 1905-இல்தான். கனிமமும் எரிசக்தியும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நிலவியலார் செய்வது என்ன?

நிலவியலார் என்றவுடன் கையில் சுத்தியலுடன் மலையேறும் மனிதரையே நாம் நினைக்கிறோம். அது அவர் பணியின் தொடக்கம் மட்டுமே. 1851-இல் தோன்றிய இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம் நாட்டின் பாறைகளை வரைபடமாக்குகிறது. 1948-இல் அமைந்த இந்தியச் சுரங்கப் பணியகம் பெருங்கனிமச் சுரங்கங்களைக் கண்காணிக்கிறது. யுரேனியம் முதலியவற்றைத் தேடும் பொறுப்பு அணுசக்தித் துறையின் கனிம இயக்ககத்துக்கு உரியது. குத்தகை வழங்குதல், ராயல்டி வசூலித்தல், முறைகேட்டைத் தடுத்தல் ஆகியவை மாநிலத்தின் சுரங்கம் மற்றும் நிலவியல் துறையின் கடமைகள். கட்டடக்கல், மணல் போன்ற சிறுகனிமங்களைப் பொறுத்தவரை, 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத்தின் 15-ஆம் பிரிவு விதி வகுக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்கே அளித்துள்ளது. ஆகவே ஒரு மாவட்டத்தில் பணிபுரியும் நிலவியலார் அறிஞர் மட்டுமல்லர். கணக்கர், காவலர், சாட்சி என்னும் மூன்று பொறுப்புகளும் அவர் மேல் சுமத்தப்பட்டுள்ளன.

கருங்கல்லும் கிணற்று நீரும்

சாமராஜநகரின் கறுப்புக் கல் உலகச் சந்தையில் இவ்வூர்ப் பெயராலேயே அறியப்படுகிறது. வணிகர் அதைக் கறுப்பு கிரானைட் என்பர். நிலவியலார் அதை ஒப்பமாட்டார். அது டோலரைட் வகையைச் சேர்ந்தது என்பார். நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், பழம்பாறையில் ஏற்பட்ட பிளவுகளில் உருகிய பாறைக்குழம்பு ஏறி உறைந்து, நிலத்துக்குள் செங்குத்தான சுவர் போல் நின்றுவிட்டது. இத்தகைய சுவரை ‘டைக்’ என்பர். அகலம் குறைவு, நீளம் மிகுதி. மெருகேற்றினால் கண்ணாடி போல் மின்னும் கல், அயல்நாடுகளின் கல்லறைகளுக்கும் கட்டடங்களுக்கும் செல்கிறது. ஆனால் விரிசலற்ற பெரிய பாளங்களுக்குத்தான் விலை. வெட்டியெடுப்பதில் பெரும்பங்கு கழிவாகக் குழியின் விளிம்பிலேயே குவிகிறது.

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு மூத்த நிலவியலாருடன் இம்மாவட்டத்துக் கல்குவாரி ஒன்றைக் காணச் சென்றிருந்தேன். எத்தனை கன மீட்டர், என்ன விலை, எவ்வளவு ராயல்டி என்று நான் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். அவரோ குவாரியை விட்டுவிட்டு, அண்டை நிலங்களின் கிணறுகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாறைச்சுவரின் ஒரு பக்கத்துக் கிணறுகளில் நீர் நின்றது, மறுபக்கத்தில் வறட்சி. “ஐயா, நீங்கள் விற்கக் கணக்குப் போடும் இந்தக் கல், பூமிக்குள் ஓர் அணையாகவும் இருக்கிறது. சரிவில் இறங்கிவரும் நிலத்தடி நீரை இதுதான் தேக்கி வைக்கிறது. நீர்மட்டத்துக்குக் கீழே வெட்டி, குழியில் ஊறும் நீரை இறைத்துக் கொட்டினால், இந்தக் கிணறுகள் என்ன ஆகும் என்பதையும் உங்கள் கணக்கில் சேருங்கள்” என்றார். என் ஏட்டில் அதற்கு ஒரு பத்தியே இருக்கவில்லை.

அன்று நான் கற்றது இதுதான்: கனிமத்தின் விலையைச் சந்தை கூறும், அதை எடுப்பதற்கான விலையை நிலவியலாரே கூற இயலும். கடினப் பாறைப் பகுதியில் வாழும் சிறு விவசாயிக்குக் கிணறே மூலதனம். மாவட்டத்தின் பரப்பில் ஏறத்தாழப் பாதி காடு. பந்திப்பூர், பிளிகிரி ரங்கன் மலை ஆகிய புலிகள் காப்பகங்கள் இங்குள்ளன. குவாரி ஒன்றுக்கு எல்லை வகுப்பது வருவாய்த் துறையின் சங்கிலி அளவையுடன் முடிந்துவிடும் காரியமன்று.

மனித உயிரும் இதில் அடங்கியுள்ளது. 2022 மார்ச்சு மாதத்தில் குண்டுலுப்பேட்டை வட்டத்தின் மடஹள்ளி அருகே குவாரியில் பாறை சரிந்து தொழிலாளர் உயிரிழந்தனர். பாறையின் பிளவுகள் எத்திசையில் சாய்ந்துள்ளன, படிப்படியாக வெட்டி இறங்குகிறார்களா, கழிவு எங்கே குவிக்கப்படுகிறது என்பனவற்றை உரிய காலத்தில் நேரில் கண்டு எழுதும் ஆய்வறிக்கை வெறும் காகிதமன்று. குழிக்குள் இறங்குபவரின் உயிர்க்காப்பு அதுவே.

ஓர் எண்ணின் வரலாறு

இனி, அலுவலர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தியொன்றைக் கூறுகிறேன். நிலவியலார் தரும் எண்ணை நாம் எவ்வாறு படிக்கிறோம்?

அண்டை மாவட்டமான மாண்டியாவின் மர்லகள்ளா பகுதியில் லித்தியம் இருப்பதை அணுக்கனிம இயக்ககம் கண்டறிந்தது. மின்கலங்களுக்கு இன்றியமையாத உலோகம் அது. 2020-இன் தொடக்கத்தில் 14,100 டன் உள்ளதாகச் செய்தி பரவியது, நாடெங்கும் மகிழ்ச்சி. மறு ஆண்டில் அரசு அறிவித்த மதிப்பீடு 1,600 டன். அதுவும் அனுமான வகையைச் சேர்ந்தது. அறிவியல் தவறிவிட்டதா? இல்லை. முதல் எண் ஒரு தொடக்கக் கணிப்பு. அதன் தகுதியை நீக்கிவிட்டு, எண்ணை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம். 2023-இல் ஜம்முவின் ரியாசி மாவட்டத்தைப் பற்றி 59 லட்சம் டன் என்ற அறிவிப்பு வந்தது. அது லித்தியம் கலந்த கனிமத்தாதுவின் அளவு. பிரித்தெடுத்த உலோகத்தின் அளவன்று. அப்பகுதி ஏலத்துக்கு வந்தபோது போதிய போட்டியாளர் முன்வரவில்லை.

ஆய்வின் நிலைகள் நான்கு. பரந்த நோட்டம் ஜி 4. பூர்வாங்கத் தேடல் ஜி 3. பொது ஆய்வு ஜி 2. நெருக்கமாகத் துளையிட்டுச் செய்யும் விரிவான ஆய்வு ஜி 1. ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குச் செல்லப் பொருளும் காலமும் வேண்டும். செல்லும்போது எண் சுருங்குவதும் உண்டு. அவ்வாறு அளந்த பின்னரும், எடுக்கத் தொழில்நுட்பம் உண்டா, எடுத்தால் கட்டுபடியாகுமா என்ற இரு வினாக்கள் எஞ்சும். மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகே இருப்பு என்பது வளம் என்னும் நிலையைக் கடந்து கையிருப்பு ஆகிறது.

இதைக் கூறும் தகுதி எனக்குத் தவற்றின் வழியே வந்தது. இளம் அலுவலனாக இருந்தபோது, அறிக்கையொன்றில் நிலவியலார் மூன்று எண்களைத் தனித்தனி வகைகளாகக் கொடுத்திருந்தார். மேலிடத்துக்கு ஒரே எண் வேண்டுமென்று கேட்டார்கள். மூன்றையும் கூட்டி ஒன்றாக எழுதி அனுப்பினேன். பின்னர்த் துளையிட்டுப் பார்த்தபோது அந்த எண் நிற்கவில்லை. குறைகூறப்பட்டவர் நிலவியலார், கூட்டியவன் நான். அவர் என்னிடம் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. “அடுத்த முறை அடிக்குறிப்பையும் அனுப்புங்கள்” என்று மட்டும் சொன்னார்.

கோலார் தரும் பாடம்

கனிமம் ஒரு முறை மட்டுமே அறுவடையாகும் பயிர். கோலாரில் 1880-களில் தொடங்கி 2001 பிப்ரவரி 28 வரை ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது. மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் வெப்பத்திலும் புழுதியிலும் உழைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர். சுரங்கம் மூடப்பட்டபோது தங்கம் உலகெங்கும் சென்றுவிட்டிருந்தது. ஊரில் எஞ்சியவை சயனைடு கலந்த கழிவு மேடுகளும், வேலை தேடி நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறும் பிள்ளைகளும்.

வற்றும் வளங்களின் பொருளாதாரத்தை 1931-இல் ஹெரால்டு ஹோட்டலிங் வகுத்தார். அவ்வளத்தின் உபரி வருவாயை நிலைத்த மூலதனமாக மாற்றினால் மட்டுமே அடுத்த தலைமுறையின் நுகர்வு குறையாது என்று 1977-இல் ஜான் ஹார்ட்விக் காட்டினார். நம் பாட்டிமார் இதை எளிதாகச் சொல்வர்: விதைநெல்லை விற்றுச் சோறு உண்ணாதே. ராயல்டி வருமானமன்று, சொத்தை விற்ற பணம். அது பள்ளியாக, ஏரியாக, தொழிற்பயிற்சியாக உருமாற வேண்டும். 2015-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் மாவட்டந்தோறும் கனிம அறக்கட்டளை அமைக்க வழிவகுத்ததன் நோக்கமும், சுரங்கத்தால் பாதிப்புறுவோரின் நலனே.

எதை, எப்போது, எவரைக் கொண்டு எடுப்பது என்று தீர்மானிக்கும் உரிமையும் அரசுக்கு உண்டு. கறுப்புக் கல்லைத் தனியாருக்குக் குத்தகைக்கு விடுவதில்லை என்று 1977-இல் தமிழ்நாடு விதி வகுத்தது. அது செல்லும் என்று 1981-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழி எல்லா மாநிலங்களுக்கும் பொருந்துமா என்பது விவாதத்துக்குரியது. ஆனால் எடுக்காமல் வைத்திருப்பதும் ஒரு கொள்கையே என்பது அத்தீர்ப்பால் விளங்கும்.

நிறைவுரை

மாணவ நண்பர்களே! உங்களில் சிலர் நிலவியலாராகவும் சிலர் ஆட்சி அலுவலராகவும் வரக்கூடும். நிலவியலாராக வருவோர்க்கு: ‘இங்கே இருக்கிறது’ என்று எழுதுவதற்கு வேண்டிய துணிவைவிட, ‘இங்கே எடுக்கக் கூடாது’ என்று எழுதுவதற்கு அதிகத் துணிவு வேண்டும். இரண்டாவது அறிக்கைக்குப் பாராட்டு விழா நடப்பதில்லை. அலுவலராக வருவோர்க்கு: அந்த அறிக்கை உங்கள் மேசைக்கு வரும் நாளில் அதை முழுமையாகப் படியுங்கள், அடிக்குறிப்பை விட்டுவிடாதீர்கள், முடிந்தால் ஒரு முறை அவருடன் களத்துக்குச் சென்று, குவாரியை மட்டுமன்றி அருகிலுள்ள கிணற்றையும் எட்டிப் பாருங்கள்.

பூமி நூறு கோடி ஆண்டுகளில் சேர்த்துவைத்ததை ஒரு குத்தகைக் காலத்துக்குள் நாம் செலவிடுகிறோம். செலவிடுவது தவறன்று, கணக்கில்லாமல் செலவிடுவதே தவறு. அந்தக் கணக்கின் முதல் வரியை எழுதுபவர் நிலவியலார். அதை மாற்றாமல் அடுத்த வரியை எழுதுவது நம் கடமையாகும்.