புகுமுகம்



கல்லூரிகள் திறக்கும் நாள்களில் காலை ஏழு மணிக்கு ஆவடி இரயில் நிலையத்தில் நின்று பார்த்தால், புதியவர் யார், பழையவர் யார் என்று எளிதில் சொல்லிவிடலாம். புதியவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பார். வண்டி எந்த நடைமேடைக்கு வருமென்று நான்கு பேரைக் கேட்பார். பலருக்கு அருகில் தாயோ தந்தையோ நிற்பதும் உண்டு. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இயந்திரத்தின் முன் நின்று உழைக்கும் தந்தை அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருப்பார். மகனைக் கல்லூரி வாசல்வரை கொண்டுபோய் விடுவார். வாசலுக்கு அப்பால் என்ன நடக்கும் என்பது அவருக்கும் தெரியாது.

வாசலுக்கு அப்பால் நடப்பதுதான் இன்று எனக்குத் தரப்பட்ட பொருள்: புதிய மாணவர்க்கான அறிமுக வாரம்.

நான் பள்ளியிறுதித் தேர்வு எழுதியது 1975-ஆம் ஆண்டில். அக்காலத்தில் பள்ளிப் படிப்பு 11 ஆண்டு. அதன்பின் கல்லூரியில் ஓராண்டு 'புகுமுக வகுப்பு'. அதையடுத்தே பட்டப் படிப்பு. அந்தப் பெயரை இப்போது நினைத்தாலும் அருமையாகத் தோன்றுகிறது. புகுவதற்கென்றே ஓர் ஆண்டு! முதல் நாள் வருகைப் பதிவின்போது, பள்ளி வழக்கப்படி எழுந்து நின்று "உள்ளேன், ஐயா" என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை. அடுத்த பெயரைப் படிப்பதற்குமுன் என்னைப் பார்த்து, "உள்ளீர் அல்லவா? அது போதும், அமருங்கள்" என்றார். அன்று மாலை சென்ட்ரல் நிலையத்தை ஒட்டியிருந்த மூர் மார்க்கெட்டில் பழைய லிப்கோ அகராதி ஒன்றைப் பேரம் பேசி வாங்கினேன். ஆங்கிலப் பாடங்களோடு ஓர் ஆண்டு மல்லுக்கட்டினேன். ஆண்டு முடிவதற்குள் கல்லூரி எனக்குப் பழகிவிட்டது. 1978-இல் மேனிலைக் கல்வி வந்தது. புகுமுக வகுப்பு மறைந்தது. அந்த ஓராண்டு பள்ளிக்குள் போய்விட்டது. மேனிலைக் கல்வியைக் குறை கூறுவது என் நோக்கமன்று. பத்தாண்டுக்கு மேல் அதைக் கற்பித்துச் சம்பளம் வாங்கியவன் நான். ஆயினும் கல்லூரிக்குள் நின்று கல்லூரியைப் பழகிக்கொள்ளக் கிடைத்த அவகாசம் போனது போனதுதான்.

அந்தக் குறை மேலே இருப்பவர்கள் கண்ணிலும் பட்டிருக்கவேண்டும். 2017-இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, பொறியியல் கல்லூரிகளில் முதல் மூன்று வாரங்களைப் புதியவர்க்கென ஒதுக்குமாறு வழிகாட்டி வெளியிட்டது. உடற்பயிற்சி, கலை, மனித விழுமியங்கள், சுற்றுவட்டாரத்தைக் காணல், துறையை அறிதல் என்பன அதில் உள்ளன. மாணவரைச் சிறு குழுக்களாகப் பிரித்துக் குழுவுக்கு ஓர் ஆசிரியரைத் துணையாக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. 2019-இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் 'தீக்ஷாரம்ப்' என்ற பெயரில் இத்தகைய திட்டத்தை எல்லா உயர்கல்வி நிறுவனங்களுக்கும் பரிந்துரைத்தது. எழுத்தில் உள்ளதைப் படித்தால் குறை சொல்ல மனம் வராது. நடைமுறையில் பல இடங்களில் சிறு குழு மறைந்து பெரிய அரங்கம் மட்டும் எஞ்சுகிறது. அரங்கத்தில் சொற்பொழிவுகள் நடக்கின்றன. இதைச் சொல்லும் தகுதி எனக்குக் குறைவு. தலைமையாசிரியராக இருந்த காலத்தில் பள்ளி திறக்கும் நாளன்று குழந்தைகளை வெயிலில் நிறுத்தி முக்கால் மணி நேரம் பேசியவன் நான். அவர்களுள் ஒருவருக்கேனும் அதில் ஒரு வாக்கியம் நினைவிருக்குமா என்பது ஐயமே.

2021-ஆம் ஆண்டு முதல் அரசுப் பள்ளிகளில் படித்தவர்க்குப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கப்படுகிறது. அதன் வழியாக எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் நகரத்தின் பெரிய கல்லூரிகளில் நுழைந்தார்கள். அவர்களுள் ஒருவன், பட்டாபிராமைச் சேர்ந்தவன், சேர்ந்த நான்காம் நாள் மாலை என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான்.

"எனக்கு அது சரிப்படாது, ஐயா" என்றான்.

மூன்று நாளும் அரங்கில் அமர்ந்திருந்தானாம். எல்லாம் ஆங்கிலத்தில். 'கிரெடிட்' என்றார்கள், 'எலெக்டிவ்' என்றார்கள், இணையத்தில் பதிவு செய்யுங்கள் என்றார்கள். சுற்றியிருந்த அனைவரும் தலையசைத்தார்கள், இவனும் அசைத்தான். கணிதத்தில் என் பள்ளியில் முதல்வனாய் வந்த பையன் அவன்!

"புரியவில்லை என்று கேட்டிருக்கலாமே, தம்பி?"

"யாரைக் கேட்பது, ஐயா?"

எனக்கு விடை தெரியவில்லை. ஓர் அறிமுக வாரத்தின் வெற்றியை அளக்க இந்த ஒரு வினா போதும் என்று இன்று நினைக்கிறேன். யாரைக் கேட்பது என்று அறியாமல் ஒரு மாணவன் வெளியே வந்தால், அரங்கில் எத்தனை அறிஞர் பேசினாலும் அவனுக்கு அந்த வாரம் தொடங்கவே இல்லை.

கேட்பதற்கு ஆளில்லாத புதியவனை மற்றவர்கள் தேடி வருவார்கள் என்பது இன்னொரு செய்தி. 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் ஒருவர் மூத்த மாணவர் ஒருவரால் கொலையுண்டார். அவருடைய தந்தையார் அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். ஒரு துணைவேந்தரின் மகனுக்கே பாதுகாப்பு இல்லை என்றால், பட்டாபிராம் பையனுக்கு என்ன இருக்கும் என்று தமிழகமே திகைத்தது. 1997-இல் பகடிவதைத் தடைச் சட்டம் வந்தது. இரண்டாண்டு வரை சிறையும், 10,000 ரூபாய் வரை அபராதமும் அதில் உண்டு. 1800-180-5522 என்ற தொலைபேசி எண்ணில் இன்று நாடு முழுவதிலுமிருந்து முறையிடலாம். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மேற்குப் பகுதிக்கு மற்றொரு தொல்லையும் உண்டு. இரயிலிலும் பேருந்திலும் கல்லூரிவாரியாகக் கூட்டம் சேர்வது, 'ரூட்டுத் தல' என்று ஒருவனைத் தலைவனாக்கிக்கொள்வது, மாற்றுக் கல்லூரிக்காரனைக் கண்டால் கல்லெறிவது. 2024 அக்டோபரில் திருத்தணிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு இரயிலில் வந்து படித்த மாணவர் ஒருவர், சென்ட்ரல் அருகே வேறொரு கல்லூரி மாணவர்களால் தாக்கப்பட்டு மருத்துவமனையில் உயிர்நீத்தார். இக்கூட்டங்களில் சேரும் பையன்கள் எல்லாரும் முரடர்கள் என்று நான் எண்ணவில்லை. பெட்டிக்குள் ஏறியதும் "எந்த ஊர், தம்பி? வா, இங்கே உட்கார்" என்று அவர்களை அழைத்தது அந்தக் கூட்டம்தான். கல்லூரி அதே சொல்லை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

நம் முன்னோர் நூலுக்குள் புகுமுன் பாயிரம் வைத்தார்கள். இலக்கணம் தொடங்குவதற்கு முன்பே பவணந்தியார் நன்னூலில் ஆசிரியன் யார், மாணாக்கன் யார், பாடம் கேட்பது எப்படி என்றெல்லாம் சொல்லி வைத்தார். அதில் அவர் ஒரு கணக்குப் போடுகிறார். ஆசிரியர் சொன்னதை நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் வருவது காற்பங்குதான். உடன் பயில்வாரோடு பழகுவதில் இன்னொரு காற்பங்கு. பிறர்க்கு எடுத்துரைக்கும்போது மீதி அரைப்பங்கு. அரங்கச் சொற்பொழிவு அத்தனையும் சேர்ந்து அந்த முதற் காற்பங்குதான்.

பையன் கதைக்கு வருகிறேன். என் பழைய மாணவி ஒருத்தி அதே கல்லூரியில் மூன்றாமாண்டு படித்தாள், அம்பத்தூரில் ஏறுவாள். அவளுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, மறுநாள் காலை அவனுடன் நானும் வண்டியேறினேன். அம்பத்தூரில் அவள் ஏறிவந்து எதிரே அமர்ந்தாள். "வாரத்திற்கு மூன்று மணி வகுப்பு என்றால் மூன்று கிரெடிட். ஆய்வுக்கூடம் என்றால் இரண்டு மணிக்கு ஒன்று. எலெக்டிவ் என்பது நீயாகத் தேர்ந்துகொள்ளும் பாடம்; அதற்கு இன்னும் காலம் இருக்கிறது, இப்போது கவலை வேண்டாம்" என்றாள். வில்லிவாக்கம் வருவதற்குள் முடிந்துவிட்டது. பெரம்பூர் தாண்டும்போது, எந்த அலுவலர் முகம் கொடுத்துப் பேசுவார், எந்தச் சாளரத்தில் காலையிலேயே நிற்கவேண்டும், உணவகத்தில் எது விலை குறைவு என்பதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அங்கே தேவையில்லை என்று புரிந்தது. பேசின் பிரிட்ஜில் இறங்கித் திரும்பிவிட்டேன்.

அவன் இப்போது மேல்வகுப்பு மாணவன். சென்ற சேர்க்கையின்போது எனக்குத் தொலைபேசியில் பேசினான். "இந்த ஆண்டு நம் பக்கத்திலிருந்து யாரெல்லாம் சேர்ந்திருக்கிறார்கள், ஐயா?" என்று கேட்டான். இரண்டு பேரைச் சொன்னேன். ஒருவன் திருநின்றவூர், அவன் வண்டியிலேயே வருவான். மற்றவள் பூந்தமல்லி, பேருந்தில் போகவேண்டியவள். பூந்தமல்லித் தடத்தில் தினமும் வரும் மூத்த மாணவி யாரேனும் உண்டா என்று அவன் விசாரித்துக்கொண்டிருக்கிறான்.