கண் தெரியாதவருக்குச் செல்போன் எதற்கு?

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பார்வையற்ற தொழிலாளர் சார்பில் பேசியது)



சற்று முன் வாசலில் ஒரு தோழர் எங்களைப் பார்த்துக் கேட்டார்: "செல்போனில் இருப்பதெல்லாம் பார்க்கிற சங்கதி. கண் தெரியாத உங்களுக்கு அது எதற்கு?" அவர் கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவருக்குப் பதில் சொல்வதாகவே இந்தப் பேச்சை வைத்துக்கொள்கிறோம்.

இருபது வருஷங்களுக்கு முன்னால் எங்களில் ஒருவருடைய தோள்பையைக் கவிழ்த்துக் கொட்டினால் ஒரு சின்னக் கடையே பரப்பலாம். பொத்தானை அமுக்கினால் மணி சொல்லும் கடிகாரம், பேசும் கால்குலேட்டர், டேப் ரிக்கார்டர், அதற்கு நாலு கேசட்டு. எங்கள் கைக்குக் கிடைத்த கடிகாரங்கள் பெரும்பாலும் இங்கிலீஷில்தான் பேசின. பள்ளிக்கூடம் போகாதவர்கள்கூட மணியை மட்டும் இங்கிலீஷில் கற்றுக்கொண்டார்கள்!

பேசும் கருவி என்பது புதிய சரக்கல்ல. 1935இலேயே பிரிட்டனில் பேசும் புத்தகங்களை இசைத்தட்டில் பதிந்து கொடுத்தார்கள். முதல் உலக யுத்தத்தில் கண்ணை இழந்து திரும்பிய சிப்பாய்களின் கஷ்டத்திலிருந்து பிறந்த யோசனை அது. 1976இல் அமெரிக்காவில் ரே குர்ஸ்வைல் என்பவர், அச்சடித்த தாளை வைத்தால் வாய்விட்டுப் படிக்கும் யந்திரத்தைக் கொண்டு வந்தார். விலையோ பல்லாயிரம் டாலர். நூலகங்கள் வாங்கின, கூலிக்காரன் வாங்க முடியுமா?

பொத்தான் வைத்த செல்போன் வந்தபோதும் அதே கதைதான். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. 2009இல்தான் இது மாறியது. ஐபோனிலும் ஆண்ட்ராய்டு போனிலும் படித்துச் சொல்லும் வசதி, தனி விலையில்லாமல் உள்ளேயே வந்துவிட்டது. இதைக் கம்பெனிகள் கொடுத்த வரம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அதற்கு முன்பே, 2006இல், ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் கம்ப்யூட்டர் திரையைப் படிக்கும் மென்பொருளை எழுதத் தொடங்கினார். பார்வையற்ற இன்னொருவர் கூடச் சேர்ந்தார். என்.வி.டி.ஏ. என்ற அந்த மென்பொருளை இன்றும் உலகம் முழுவதும் இலவசமாகத்தான் கொடுக்கிறார்கள்.

சரி, பொத்தானே இல்லாத வழவழப்பான கண்ணாடியை எப்படித் தடவிப் பார்ப்பது? முதலில் நாங்களும் பயந்தோம். விஷயம் எளிதுதான். விரல் எங்கே படுகிறதோ, அங்கே என்ன இருக்கிறது என்று போன் சொல்லும். வலது பக்கம் தள்ளினால் அடுத்ததைச் சொல்லும். வேண்டியது வந்ததும் இரண்டு தட்டு தட்டினால் திறக்கும். தமிழிலேயே பேசும். காமிராவைத் தாளுக்கு நேரே பிடித்தால் அச்செழுத்தைப் படிக்கும். மை மங்கியிருந்தால் உளறும், அது வேறு.

எங்களோடு நாற்காலிக்குப் பிரம்பு பின்னும் தோழர் ஒருவருக்கு மாதாமாதம் கூலிச் சீட்டை அடுத்தவர்தான் படித்துச் சொல்வார். 'மொத்தம் இவ்வளவு' என்பதோடு முடிந்துவிடும். போன் வந்த மாதம் அவரே படித்தார். பிடித்தம் என்று ஒரு வரி இருப்பது அன்றுதான் தெரிந்தது. எதற்குப் பிடித்தம் என்று மறுநாள் போய்க் கேட்டார். கேட்க முடிந்ததே, அது சின்ன விஷயமா?

ரூபாய் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2016க்கு முன்னால் நூறு ரூபாய் நோட்டு 157 மில்லிமீட்டர் நீளம், ஐந்நூறு 167. விரலுக்கு வித்தியாசம் தெரியும். இன்றைய நோட்டில் நூறு 142, இருநூறு 146, ஐந்நூறு 150. அகலமும் ஒன்றே. நாலு மில்லிமீட்டரை வைத்துக்கொண்டு, ஓடுகிற ரயிலில் கடலைமிட்டாய் விற்கிறவர் என்ன செய்வார்? 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி 'மணி' என்ற செயலியைக் கொண்டு வந்தது. நோட்டைக் காமிராவுக்குக் காட்டினால் மதிப்பைச் சொல்லும். நல்லதுதான். நோட்டைச் சுருக்கியதும் அவர்கள்தான் என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

இப்போது கஷ்டத்தைச் சொல்கிறோம். கடிகாரம், கால்குலேட்டர், புத்தகம் எல்லாம் ஒரே போனுக்குள் போய்விட்டன. சார்ஜ் தீர்ந்தால் அத்தனையும் ஒரே நேரத்தில் ஊமை. கடிகார பாட்டரி மாதக்கணக்கில் உழைத்தது. எங்களில் சிலர் இன்றும் பழைய கடிகாரத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறோம்.

வரியைப் பாருங்கள். 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது பேசும் கால்குலேட்டருக்கும் பேசும் தெர்மாமீட்டருக்கும் 5 சதவீதம் போட்டார்கள். ஊனமுற்றோர் சாதனம் என்பதால் சலுகை. செல்போனுக்கு 12, 2020 ஏப்ரலிலிருந்து 18! பழைய கருவிக்குச் சலுகை, அதன் வேலையையெல்லாம் செய்கிற புதிய கருவிக்குக் கோடீஸ்வரன் கட்டுகிற அதே வரி. எங்களுக்குப் போன் ஆடம்பரமல்ல, ஊன்றுகோல். ஊன்றுகோலுக்குரிய வரியை அதற்கும் போடு என்பது எங்கள் முதல் கோரிக்கை.

இரண்டாவது, பெயரில்லாத பொத்தான். செயலி எழுதுகிறவர் பொத்தானில் படத்தை வைத்துவிட்டுப் பெயர் எழுதாமல் விடுகிறார். விரலை வைத்தால் போன் "பட்டன்" என்கிறது. அடுத்ததும் "பட்டன்". பணம் அனுப்புவது எது, ரத்து செய்வது எது? வங்கிக் கணக்குக்கு அடையாளம் சரிபார்க்கப் போனால், நாம் உயிருள்ள ஆள்தான் என்று காட்டக் கண்ணைச் சிமிட்டு என்கிறது யந்திரம்! இதை எதிர்த்து ஆசிட் வீச்சில் முகமிழந்தவர்களும் பார்வையற்ற ஒருவரும் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். டிஜிட்டல் வசதியை அடைவது வாழும் உரிமையில் சேர்ந்தது என்றும், கண் சிமிட்டுவதற்கு மாற்று வழி வேண்டும் என்றும் 2025 ஏப்ரல் 30இல் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு நம் ஊர் வங்கிக் கிளை வரை நடந்து வர வேண்டும். கூட வர உங்களையும் கூப்பிடுகிறோம்.

உங்கள் வீட்டிலும் பார்வை மங்கிய அம்மா இருப்பார், சர்க்கரை நோயால் கண் கெட்ட அண்ணன் இருப்பார். உங்கள் ஆண்ட்ராய்டு போனில் 'செட்டிங்ஸ்' போய், 'அக்ஸஸிபிலிட்டி'யில் 'டாக்பேக்' என்று இருக்கிறதா பாருங்கள். போட்டதும் எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் தவிப்பீர்கள். எல்லோரும் தவித்ததுதான். கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் பெஞ்சியில் உட்கார்ந்திருப்போம், போனை எடுத்து வாருங்கள்.