பலகையில் தூக்குங்கள்

(ஆதரவாளர் கூட்டத்தில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



நாங்கள் கட்டிலோரம் நின்று ஜெபிக்கிறவர்கள். கத்தி பிடிக்கிறவர்கள் அல்ல. ஆனாலும் மருத்துவர்களோடு வார்டு சுற்றிக் கற்ற ஒன்றை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளி ஒருவர் ஓடு மாற்றக் கூரையேறி விழுந்தார். அக்கம்பக்கத்தார் ஓடிவந்து, கக்கத்திலும் காலிலும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். பாசத்தில் குறையில்லை. ஆனால் கீழ்முதுகெலும்பு முறிந்து நிலைகுலைந்திருந்தது. அப்படி மடக்கினால் உடைந்த துண்டு நரம்பை மேலும் நசுக்கும் என்று அவர்களுக்கு யார் சொல்லியிருந்தோம்?

விழுந்தவரைத் தலை, தோள், இடுப்பு, கால் எல்லாம் ஒரே மரக்கட்டைபோல நாலு பேர் சேர்ந்து புரட்டிப் பலகையில் கிடத்த வேண்டும். 108-ஐ அழைத்துவிட்டுக் காத்திருப்பது இன்னும் நல்லது.

மருத்துவர் எடுத்த எடுப்பில் எக்ஸ்ரேக்கு அனுப்பவில்லை. "பெருவிரலைத் தூக்குங்கள்" என்றார். குண்டூசியால் தொட்டுத்தொட்டு உணர்ச்சி பார்த்தார். சிறுநீர் போனதா, ஆசனவாயைச் சுற்றி மரத்திருக்கிறதா என்றும் பார்த்தார். கூச்சமான கேள்விதான், ஆனால் அங்கே கொஞ்சம் உணர்ச்சி மிஞ்சியிருந்தாலும் நம்பிக்கைக்கு இடமுண்டு. பிறகுதான் படங்கள். எலும்பு உடைந்த விதத்தை சி.டி. ஸ்கேன் காட்டும், நரம்பு பட்ட பாட்டை எம்.ஆர்.ஐ. காட்டும்.

தண்டுவடம் இடுப்புப் பகுதியின் முதல் எலும்பருகே முடிந்துவிடுகிறது. அதன் கீழே குதிரைவால்போல் நரம்புகள் தொங்குகின்றன. தண்டுவடத்தைவிட இவை மீள வாய்ப்பு அதிகம். ஆகவே தாமதிக்கலாகாது. நரம்பை அழுத்தும் துண்டை விலக்கி, மேலும் கீழும் உள்ள எலும்புகளில் திருகாணி பதித்துக் கம்பியால் இணைக்கிறார்கள். நோயாளி சீக்கிரம் எழுந்து உட்காரலாம்; படுக்கைப்புண் அபாயமும் குறையும். ஆனால் செத்த நரம்பைத் திருகாணி எழுப்பாது. இதை உறவினரிடம் சொல்வது பெரும்பாலும் எங்கள் பங்குக்கு வரும்.

அப்போதெல்லாம் பக்கத்து வேலூரில் பணிசெய்த டாக்டர் மேரி வர்கீஸை நினைக்கிறோம். 1954-ல் கார் விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு அவருக்கு இடுப்புக்குக் கீழ் செயலிழந்தது. டாக்டர் பால் பிராண்ட் ஊக்கப்படுத்த, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். அமெரிக்காவில் பயின்று திரும்பி சி.எம்.சி.யின் மறுவாழ்வுத் துறையை நடத்தினார். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. அறுவைக்குப் பின்னும் வேலை உண்டு என்று காட்டியவர் அவர்.

நம் நெசவாளிக்கு வலது கால் திரும்பியது. இடது பாதம் இன்னும் தொங்குகிறது. குழித்தறி மிதிக்க இரண்டு காலும் வேண்டுமே. இப்போது அவர் உட்கார்ந்து தார் சுற்றுகிறார். தறியில் இறங்கியிருப்பது அவர் மனைவி.