மழைக்கு முன்னே ஊசி, ஊசிக்கு முன்னே ஆய்வு



மழை தொடங்கினாலே தொண்டை அடைப்பான் பயம் வந்துடும். நேத்து தீனி எடுத்த எருமை, இன்னைக்குத் தொண்டை வீங்கி, மூச்சுத் திணறிச் செத்துப் போகும். பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்ற பாக்டீரியாதான் காரணம்.

இதுக்குத் தடுப்பூசி இருக்கு. இராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் அரசு நிலையத்திலேயே தயாராகுது. ஆனா படிகாரம் சேர்த்த ஊசியின் காப்பு சுமார் 6 மாதம்தான். இதை இன்னும் மேம்படுத்த முடியாதா?

முடியும். ஊசிக்கான கிருமியை ஆய்வகத்தில் சத்தான கரைசலில் வளர்க்கிறாங்க. மாட்டின் உடம்பிலோ கிருமிக்கு இரும்புச்சத்து எளிதில் கிடைக்காது. அதைப் பறிக்கத் தன் மேலுறையில் தனிப் புரதங்களை உருவாக்கும். ஆய்வகக் கிருமியிடம் அவை மிகக் குறைவு. திருடன் வர்ற வேஷம் ஒண்ணு, காவலனுக்கு நாம காட்டின படம் வேற!

புரதப் பகுப்பாய்வு இந்த வேறுபாட்டைக் காட்டும். உடம்பு எந்தப் புரதத்தை அடையாளம் கண்டு எதிர்க்குதுன்னு தெரிஞ்சா, அதை ஊசியில் சேர்க்கலாம்.

நம்ம அரசு ஆய்வகங்களில் இந்த வேலைக்கு நிதியும் ஆளும் வேணும். உரக்கக் கேட்போம்!

அதுவரை, இருக்கிற ஊசியை மழைக்கு முன்னாடியே தவறாம போட்டுடுங்க.